கறுப்பு வெள்ளை ரோர்ஷாக்: இரண்டு வருஷ கவுன்சலிங் சைக்காலஜி படிப்பு, 5க்கு 3

கல்லூரியின் பெயரைப் போட மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, அவ்வளவு போதும். நான் சொல்லப்போகிற குறைகளில் பாதி தங்கள் கல்லூரியிலும் உண்டு என்று வேறு இடங்களில் படித்த தோழிகளும் சொல்கிறார்கள், அதனால் பெயர் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்கள் ஊரில் டிகிரி முடித்த பெண்பிள்ளைகள் மூன்று பேர் இந்த வருஷம் மட்டும் "அக்கா, அந்த கோர்ஸ்ல சேரலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன், இனி லிங்க் அனுப்பினால் போதும்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா (ஆந்திராச் சித்தூர் இல்லை). ரேஷன் கார்டு மலையாளம், வீட்டுப் பேச்சு தமிழ், துணி எடுக்கப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவை, சர்க்கார் காரியம் என்றால் பாலக்காடு, இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிற ஊர். தமிழ் மீடியத்தில் படித்து, சித்தூரில் பி.ஏ. தமிழ் முடித்தேன். எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜிக்கு எந்த டிகிரி இருந்தாலும் போதும் என்று ஒரு நோட்டீசில் பார்த்துத்தான் ஆசை வந்தது. 2022இல் சேர்ந்து 2024இல் முடித்தேன். காலையில் வேலந்தாவளம் வழியாக உக்கடம் பஸ், அங்கே இறங்கி இன்னொரு டவுன் பஸ், சாயங்காலம் இதே வழி திரும்பி. பஸ்ஸில் கழிந்த நேரத்தைக் கூட்டினால் அதற்கே ஒரு டிப்ளமா தரலாம்.

அட்மிஷன் மேசையில் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதைப் படிச்சா புள்ள மனநல டாக்டர் ஆயிருமுங்களா?" மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "டாக்டர்னா மருந்து எழுதறவங்க இல்லீங்க, ஆனா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு போட்டுக்கலாமுங்க" என்றார். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி சுத்தப் பொய். 5இல் ஒரு நட்சத்திரம் அந்த ஒரு வாக்கியத்துக்காகப் போனது.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் பெயர் இல்லை. 1992ஆம் வருட இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் கீழ் வருகிற தொழில் அது. ஆர்.சி.ஐ. என்று எல்லாரும் சொல்கிற அந்த கவுன்சில் அங்கீகரித்த படிப்பை, அது அங்கீகரித்த இடத்தில் படித்து, சி.ஆர்.ஆர். என்கிற மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறி நம்பர் கைக்கு வந்தால்தான் உண்டு. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை இதையொட்டியே வரையறுக்கிறது. இத்தனை காலமாக அதற்கு எல்லாரும் போன வழி, சைக்காலஜியில் முதுகலை முடித்து, 55 சதவீத மார்க்கோடு நுழைவுத்தேர்வு எழுதி, பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., நம் பக்கத்தில் கோழிக்கோடு இம்ஹான்ஸ் மாதிரி ஓர் இடத்தில் இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். படிப்பது. வார்டில் நோயாளிகளோடு, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வருஷம். அதிலும் இப்போது குழப்பம். யு.ஜி.சி. 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது, அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை என்று நீட்டித்துக் கொடுத்தது. சை.டி. என்று நான்கு வருஷப் படிப்பும் இருக்கிறது.

என் எம்.எஸ்சி. இந்த வரிசையில் எங்கே வருகிறது? அந்த வாசலுக்கு வெளியே உள்ள படிக்கட்டில். உள்ளே போகத் தகுதி தரும், உள்ளே போனதாக ஆகாது. கவுன்சலராக வேலை பார்க்கலாம், அதில் தப்பே இல்லை, நல்ல வேலைதான். ஆனால் போர்டில் அந்த இரண்டு வார்த்தையைப் போட முடியாது. இது எனக்குத் தெரிந்தது மூன்றாவது செமஸ்டரில், இன்டர்ன்ஷிப் போன ஆஸ்பத்திரியில். அங்கிருந்த சைக்காலஜிஸ்ட் பேச்சோடு பேச்சாக "உங்க கோர்ஸுக்கு சி.ஆர்.ஆர். நம்பர் வராதே, அது தெரியும்ல?" என்றார். தெரியாது. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டேன்.

சரி, உள்ளே என்ன சொல்லித் தந்தார்கள்?

லேப் என்று ஓர் அறை. அதில் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற கருவி, விரலால் தடவிப் போகிற புதிர்ப்பாதை, எந்தக் கோடு நீளம் என்று கண்ணை ஏமாற்றுகிற முல்லர் லையர் பலகை. 1879இல் ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் வுண்ட் என்பவர் முதல் சைக்காலஜி லேப் ஆரம்பித்தார் என்று முதல் நாள் பாடம், அவர் விட்டுப்போன சாமான் எல்லாம் நேராக எங்கள் லேபுக்குத்தான் வந்ததோ என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஒரு செமஸ்டர் முழுக்க இதற்கு ரெக்கார்ட் நோட்டு. பென்சிலால் மார்ஜின், வலப்பக்கம் எழுத்து, இடப்பக்கம் படம். வீட்டில் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வருகிற அம்மாவுக்கு முல்லர் லையர் பலகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டெஸ்ட்டுகளில் பாட்டியா பேட்டரி மட்டும் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. சி.எம். பாட்டியா என்பவர் 1955இல் வெளியிட்டது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கொடுக்கலாம். கட்டைகளை அடுக்குவது, காய்களை நகர்த்துவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என்று பெரும்பாலும் கையால் செய்கிற வேலை. எங்கள் பெட்டியில் ஒரு கட்டை காணாமல் போய், அதற்குப் பதில் யாரோ மரத்துண்டில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள், சிவப்பு கொஞ்சம் வேறு சிவப்பு. அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது ரோர்ஷாக். 1921இல் வந்த மைக்கறை டெஸ்ட், பத்து அட்டை. அதில் ஐந்து கறுப்பும் சாம்பலும், இரண்டில் சிவப்பு சேர்ந்து வரும், கடைசி மூன்றும் முழுக் கலர். வந்தவர் கலரைப் பார்த்து என்ன சொல்கிறார், எப்படித் தயங்குகிறார் என்பதற்குத் தனியாகக் குறி போட வேண்டும், அந்த டெஸ்ட்டில் அது பெரிய பகுதி. எங்களுக்குக் கொடுத்தது பத்தும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். "கலர் இருக்குன்னு நினைச்சுக்கோங்க" என்றார் சார். நினைத்துக்கொண்டோம். வைவாவில் எட்டாவது அட்டையில் என்ன கலர் என்று வெளியிலிருந்து வந்தவர் கேட்டபோது வகுப்பே முழித்தது.

தியரி வகுப்புகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிபிடி, அதை வாசிப்பது, அசைன்மென்ட். புத்தகம் எல்லாம் ஆங்கிலம், பி.ஏ. தமிழ் படித்தவளுக்கு முதல் ஆறு மாசம் மூச்சு முட்டியது, அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் மொழி விஷயத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன அடிப்படையான விஷயங்களில் ஒன்று, வந்தவர் சொன்னதை நாம் புரிந்துகொண்டோம் என்று அவருக்குத் தெரியும்படி திருப்பிச் சொல்வது. ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள மாதிரி வாக்கியங்களை அப்படியே தமிழாக்கி எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். "நீங்கள் மிகவும் தனிமையாக உணர்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது." இதை ஒரு பாட்டியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதத்தானே கண்ணு இவ்வளவு நேரமா நானும் சொல்லீட்டு இருக்கறேன்" என்றார். நியாயம்தானே. "எப்படி உணர்ந்தீங்க" என்று எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? "அப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சுங்க" என்று கேட்டால் பதில் வரும், அதுவும் மனசைப் பற்றி வராது, அடிவயிறு கலங்கிப்போச்சு, நெஞ்சடைச்சுப்போச்சு, கையும் காலும் ஓடலை என்று உடம்பைப் பற்றித்தான் வரும். அது வியாதியைச் சொல்வதா, துக்கத்தைச் சொல்வதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்துக் கவுன்சலருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும். சிலபஸில் அதற்கு ஒரு வரி இல்லை.

எல்லையில் இது இன்னும் சிக்கல். எங்கள் பக்கம் தமிழில் மலையாளம் கலந்தே வரும். மலையாளத்தில் விஷமம் என்றால் துக்கம், தமிழில் என்னவென்று உங்களுக்கே தெரியும். பாலக்காட்டுப் பக்கம் இன்டர்ன்ஷிப் போனபோது, "மகனுக்கு எப்பவும் விஷமம்தான், சோறும் இறங்கலை" என்று ஓர் அம்மா சொல்ல, என்னோடு வந்திருந்த திருப்பூர்ப் பையன் கேஸ் ஷீட்டில் சேட்டை, நடத்தைப் பிரச்சினை என்று எழுதிவிட்டான். மகனுக்கு வயது நாற்பது! நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அது அப்படியே டாக்டர் மேசைக்குப் போயிருக்கும். பேடி என்ற சொல்லும் அப்படித்தான், அங்கே பயம், இங்கே திட்டு. வசவில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை, மலையாளத்தில் குதிரவட்டம் என்பார்கள், தமிழில் கீழ்ப்பாக்கம் என்பார்கள், இரண்டும் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டையும் சொல்லித்தான் சண்டை போட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அதற்கு முன் பேய் பிடித்திருக்கிறது என்று சோட்டாணிக்கரைக் கோயிலுக்குப் போய்வந்தவர்கள். அதைச் சொல்லத் தயங்குவார்கள், நாம் முகம் சுளிப்போம் என்று. ஒருவருக்கு வந்திருக்கும் கஷ்டத்தை அவரும் அவர் வீட்டாரும் என்னவென்று நம்புகிறார்கள், யாரிடமெல்லாம் போனார்கள் என்று விசாரிக்க 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் 16 கேள்வி கொண்ட ஒரு பேட்டி முறையே இருக்கிறது. எங்கள் வகுப்பில் அது அரை மணி நேரத்தில் முடிந்தது, பரீட்சைக்கு வராது என்று.

இப்போது அந்த மூன்று நட்சத்திரம் எதற்கு என்று சொல்ல வேண்டும். மூன்றுமே ஒரு வெள்ளிக்கிழமை மேடத்துக்கு.

அவர் கல்லூரியின் நிரந்தர ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தவர், வாரத்தில் ஒரு மதியம் மட்டும் வருவார். சூப்பர்விஷன் என்று டைம்டேபிளில் போட்டிருந்ததை நிஜமாக நடத்தியது அவர் ஒருவர்தான், மற்ற இடத்தில் எல்லாம் லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர்தான் சூப்பர்விஷன். அவருடைய முறை இது. வந்தவரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஒரு செஷனைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் உட்கார்ந்து அதை வரி விடாமல் எழுத வேண்டும், பெயரும் ஊரும் மாற்றி. தாளை நெடுக்குவாட்டில் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் அவர் சொன்னது, நடுவில் நான் சொன்னது, மூன்றாவதில் அந்த நேரம் என் மனசில் ஓடியது. இருபது நிமிஷப் பேச்சை எழுத எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போனது. இருமல், மௌனம், மூக்கு உறிஞ்சல் எல்லாம் எழுத வேண்டும்.

முதல் தாளை அவர் படித்த விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் நடுப்பத்தியின் நீளத்தை விரலால் அளந்தார். அது முதல் பத்தியைவிட நீளம். "யாருக்குங்க பிரச்சினை, அவங்களுக்கா உங்களுக்கா?" என்றார். அப்புறம் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்" என்று நான் சொன்ன இடத்தில் அடிக்கோடு போட்டு, "இதை எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன் என்றேன். "மூணாவது பத்தியில என்ன எழுதியிருக்கீங்க, படிங்க" என்றார். "அழுதுவிடுவார் போல இருக்கு, பயமாக இருக்கிறது" என்று நானே எழுதி வைத்திருந்தேன். அவர் அழக்கூடாது என்பதற்காக, அதாவது என் பயத்துக்காக, நான் அவர் வாயை அடைத்திருக்கிறேன். இந்த ஒன்றை எந்தப் பிபிடியாலும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

இன்னொரு தடவை, திறந்த கேள்வி எப்படிக் கேட்பது என்று நாங்கள் ஆங்கிலத்திலிருந்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார், உங்க ஊர்ல திண்ணையில உட்கார்ந்து கதை கேக்கறவங்க என்ன சொல்லுவாங்க? "அப்புறம்?" என்றேன். "அவ்வளவுதான். அதைவிட நல்ல கேள்வி எந்தப் புத்தகத்திலயும் இல்லை, சொல்லீட்டு வாயை மூடிக்கணும், அதுதான் கஷ்டம்" என்றார். இன்றைக்கும் வேலையில் நான் அதிகம் சொல்கிற வார்த்தை அதுதான். அப்புறம், ம், ஆமாங்க. இதற்கா இவ்வளவு ஃபீஸ் என்று அம்மா கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது வகுப்பில் ஒரு செக்லிஸ்ட்டாகத்தான் வந்தது. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எங்களுக்கு எல்லாம் பயம். அது தப்பு, கேட்பதால் எண்ணம் வராது, ஏற்கெனவே இருக்கிறவருக்குச் சொல்ல ஒரு வாசல் திறக்கும், அவ்வளவுதான் என்று மேடம் சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொருவரையும் எழுப்பி நிற்க வைத்து, சுற்றி வளைக்காமல், குரல் நடுங்காமல், "செத்துரலாம்னு தோணுச்சுங்களா?" என்று கேட்க வைத்தார். பத்துத் தடவை சொன்ன பிறகுதான் எனக்குக் குரல் நின்றது. அடுத்து வீட்டில் தோட்டத்து மருந்து எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்கப் பழக்கினார். எங்கள் பக்கத்தில் கடலையும் தென்னையும் இருக்கிற வீடுகளில் பூச்சிமருந்து கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். அதை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்வது எத்தனையோ ஆறுதல் பேச்சைவிடப் பெரிய வேலை. (படிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, நாள் முழுக்க இருக்கும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.)

இந்த மாதிரி என் தாள் மேசைக்கு வந்தது இரண்டு வருஷத்தில் மொத்தம் நான்கு தடவை. வகுப்பில் 38 பேர், மேடம் ஒருவர், வாரத்தில் ஒரு மதியம், கணக்கு அவ்வளவுதான் வரும். அந்த நான்கு மதியத்துக்கு முழு ஃபீஸையும் கொடுத்திருக்கலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன், மீதியை வீட்டில் உட்கார்ந்தே படித்திருக்க முடியும்.

சொல்லித்தராத ஒன்று, ஆனால் சொல்லித்தந்திருக்க வேண்டிய ஒன்று, பஸ். கவுன்சலிங்குக்கு வருகிறவரை வெளியில் பார்த்தால் நீயாகப் போய்ப் பேசாதே, அவர் பேசினால் பேசு, நீ கவுன்சலர் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பது புத்தகத்தில் உள்ள விதி. பெரிய நகரத்துக்குச் சரி. எங்களுக்கு உக்கடம் பஸ் ஒன்றுதான், வந்துபோகிற எல்லாரும் அதில்தான். ஒரு நாள் வேலந்தாவளத்தில் ஏறிய ஓர் அக்காவை நான் விதிப்படி பார்க்காத மாதிரி இருந்தேன். அடுத்த வாரம் அவர் வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "படிச்ச திமிரா கண்ணு?" ஒரு மணி நேரமும் அதைச் சரிசெய்யவே போனது. அதன்பிறகு எல்லாரிடமும் முதல் நாளே, வெளியில பார்த்தா நான் சிரிக்கட்டுங்களா வேண்டாமுங்களா என்று கேட்டுவிடுகிறேன். "சிரிச்சுக்க, ஆனா வீட்டு விஷயம் கேக்காத" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

டிசர்டேஷன் பற்றி இரண்டே வரி. கூகுள் ஃபார்ம், நூறு பேர், அந்த நூறு பேரும் வேறு கல்லூரியில் சைக்காலஜி படிக்கிறவர்கள், அவர்கள் ஃபார்மை நாங்கள் நிரப்புவோம், எங்கள் ஃபார்மை அவர்கள் நிரப்புவார்கள். 1949இல் அமெரிக்காவில் பௌல்டர் என்ற ஊரில் கூடி, கிளினிக்கல் சைக்காலஜி படிக்கிறவர் ஆராய்ச்சியாளராகவும் இருக்க வேண்டும், சிகிச்சை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்களாம், அது எங்களுக்குப் பரீட்சையில் 10 மார்க். நான் நன்றாக எழுதினேன்.

வேலை. இப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கவுன்சலர், தமிழ்நாட்டுப் பக்கம். சம்பளத்தைச் சொன்னால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். கவுன்சலர் என்றாலும் டீச்சர் லீவு போட்டால் வகுப்புக்கு நான்தான், பரீட்சை ஹாலுக்கும் நான்தான். பரீட்சையில் முறைத்துப் பார்த்த மிஸ்ஸிடம் மறுநாள் எந்தப் பிள்ளை மனசு விட்டுப் பேசும்? 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் இருக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சலரோ சைக்காலஜிஸ்டோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது, விசாகப்பட்டினத்தில் நீட் கோச்சிங் படித்த ஒரு பெண் இறந்த வழக்கில். அதனால் வேலை கூடும் என்று நம்புகிறேன். எங்கள் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளிடம் தமிழிலும் ஆபீசில் மலையாளத்திலும் பேசத் தெரிந்த கவுன்சலருக்கு இடமில்லாமலா போகும்?

பஸ் அலைச்சல் வேண்டாம், தபால் வழியில் படித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் கீழ் சைக்காலஜியும் வருவதுதான் காரணம். வீட்டில் கைக்குழந்தை வைத்துக்கொண்டு படித்த எத்தனையோ பேருக்கு இது அடிதான், வருத்தம்தான். ஆனால் அந்த மூன்று பத்தித் தாளை ஸ்கிரீனில் வைத்து யார் விரலால் அளப்பார்கள் என்றும் தோன்றுகிறது, இதில் எனக்கே இரண்டு மனசு.

சேரலாமா என்றால், கேஸ் பார்க்க வேண்டும், ஆட்களோடு உட்கார வேண்டும் என்ற ஆசை இருந்தால் சேருங்கள், போர்டுக்காகச் சேராதீர்கள். போர்டுதான் வேண்டும் என்றால் கல்லூரி சொல்வதை நம்பாமல் ஆர்.சி.ஐ. தளத்தில் போய், நீங்கள் சேரப்போகிற படிப்பும் கல்லூரியும் அந்த வருஷப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், போன வருஷம் இருந்தது என்பது கணக்கில்லை. அட்மிஷன் மேசையில் லைப்ரரி எவ்வளவு பெரிசு, பிளேஸ்மென்ட் எத்தனை என்று கேட்காதீர்கள். என் செஷனை யார் கேட்பார், எத்தனை பேருக்கு ஒரு ஆள், மாசத்துக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேள்வியே புரியாமல் பார்த்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சீனியர்களிடம் கேட்டால் இன்னும் சுலபம், லாக் புக்கை வாங்கிப் பாருங்கள், எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்ட மாதிரி இருந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிடலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்போது அங்கே படிக்கிற ஜூனியரிடம் இரண்டு விஷயம் கேட்டு மெசேஜ் போட்டிருந்தேன், பதில் வந்துவிட்டது. ரோர்ஷாக் இன்னும் அதே ஜெராக்ஸ்தான், ஐந்தாவது அட்டையில் டீ கொட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மேடம் இந்த வருஷமும் வருகிறாராம், ஆனால் இப்போது வகுப்பில் 52 பேர்.